பதினான்காம் எண் முத்திரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தை எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். குழந்தைக்கு மேலே இரண்டு பல் வந்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். அவள் அம்மாவும் நான்கு நாளாக என்னைக் கடித்துக் குதறுகிறாள். நான் வேலை போய் வீட்டில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறேன். மாமியார் மருமகனுக்குக் கடிதம் எழுதுவதா என்று சிரிக்க வேண்டாம், இது சிரிக்கிற சங்கதி இல்லை.

முதலில் காரியம். உங்கள் படைப்பிரிவில் எல்லோருடைய முதலுதவிப் பையையும் திறந்து பாருங்கள். கை காலில் அடிபட்டு ரத்தம் பீறிட்டால் இறுக்குகிற பட்டை இருக்கிறதே, அதில் திருகுகிற குச்சி கறுப்பாக இருந்தால் கவலையில்லை. சாம்பல் நிறமாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு கேளுங்கள். ஓரத்துத் துணியில் 14 என்று வட்ட முத்திரை இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது என் முத்திரை.

எங்கள் கம்பெனிக் கூடத்தில் நீள மேஜை. ஒருத்தி கட்டுத்துணி வைப்பாள், அடுத்தவள் கத்தரிக்கோல், அதற்கடுத்தவள் கையுறை என்று பை நிறைந்துகொண்டே வரும். கடைசியில் நான். ஐம்பதுக்கு ஒரு பட்டையை எடுத்து, ரப்பர் சுற்றிய மரக்காலில் மாட்டி, குச்சியை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். தாங்கினால் முத்திரை. போன மாதம் சாம்பல் குச்சி புதிதாக வந்தது. அன்றைக்குப் பார்த்து சூப்பர்வைசர் என் தலைமேல் வந்து நின்றார். "லாரி நிக்குதுக்கா, ரெண்டு சுத்து போதும்" என்றார். நானும் இரண்டு சுற்றோடு விட்டேன். நாற்பது பெட்டி போய்விட்டது. யாரும் என் கையைப் பிடித்து முத்திரை குத்தவில்லை, நான்தான் குத்தினேன்.

அதற்குப் பிறகு லீவில் வந்தபோது சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சொன்னீர்கள், "தொடையில அடிபட்டா ரெண்டு சுத்துக்கு ரத்தம் நிக்காது அத்தை, மூணாவதுலதான் ஆள் பிழைப்பான்" என்று. சாப்பிடும்போது என்ன பேச்சு என்று அதட்டினேன். அடுத்த வாரம் வேலையில் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. இருபது பட்டையை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். பதினொன்று ஒடிந்தது.

சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். "மூணாவது சுத்து யாருக்கா சுத்தப்போறா?" என்றார். "என் மாப்பிள்ளை சுத்துவாரு" என்றேன். முத்திரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேஜை முழுக்கப் பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள். மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நான் முறை தெரியாமல் சுற்றுகிறேனாம். "அப்ப உங்க தொடையில மாட்டிக் காட்டுறேன் சார்" என்றேன். இரண்டடி பின்னால் போனார். சரி என்று என் தொடையிலேயே மாட்டிச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் ஒடிந்து உள்ளங்கையைக் கிழித்தது. நாலு தையல். ஆயிரம் கட்டுத்துணி அடுக்கிய கூடம், அதில் ஒன்றை எடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார் அந்த மகராசன்.

இப்போது வீட்டுக்கு ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். பட்டை நன்றாக இருக்கிறது, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டால் வேலை திரும்பக் கிடைக்கும். போடாவிட்டால் வழக்கு. ஒடிந்த குச்சிகளையும் கேட்டு ஆள் வந்தது. கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். உங்கள் மனைவி அழுகிறாள். "ஒரு கையெழுத்துதானேம்மா, அவரை இன்னும் மோசமான இடத்துக்குத் தூக்கிப் போட்டுட்டா என்ன பண்றது?" என்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இருந்தும் போட மாட்டேன். ஒரு தடவை பொய்யாக முத்திரை குத்தியது என் ஆயுசுக்கும் போதும்.

படைக்குப் போகிறவனுக்குப் பெண் தர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். அந்தப் பேச்சில் இன்னும் மாற்றமில்லை. ஆள் விஷயத்தில்தான் தப்பாக எடை போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படித்து, வேண்டாத வரிக்கு மை பூசுகிற அதிகாரிக்கும் ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் இடுப்பிலும் அதே பை இருக்கும். மை பூசுவதற்கு முன்னால் பட்டையை உங்கள் தொடையில் மாட்டி மூன்று சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தாங்கினால் கடிதம் முழுவதையும் கறுப்பாக்குங்கள், நான் கேட்க மாட்டேன். ஒடிந்தால் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் அனுப்பிவையுங்கள். உங்களுக்கும் வீட்டில் ஆள் இருப்பார்கள்.

மாப்பிள்ளை, நீங்களும் நீங்கள் கட்டுப்போடுகிற பிள்ளைகளும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் நீங்கள் கட்டுப்போடுவீர்கள், உங்களுக்கு அடிபட்டால் யார் போடுவார்கள் என்று நேற்று உங்கள் மனைவி கேட்டாள். ஊரார் பையை எல்லாம் பார்த்துவிட்டுத் தன் பையை மறந்துபோகிற ஆள் நீங்கள். என்மேல் ஆணை, முதலில் உங்களுடையதைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
அத்தை