அண்ணிக்காக நான் வைத்த கையெழுத்து

என் பாசமுள்ள பெரியண்ணைக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி தப்பிவிட்டா! படித்தவர்கள் எல்லோரும் கைவிட்ட காரியத்தை எட்டாம் வகுப்போடு நின்ற உங்கள் தம்பி முடித்து வைத்தான். ஊரறிய எழுதலாமா என்று அவவிடம் கேட்டேன். "எழுதுங்கோ தம்பி. ஆனா என்னை மெலிஞ்ச ஆளெண்டு எழுதுங்கோ" என்றா. அண்ணி மெலிந்த ஆள்.

நீங்கள் போன பிறகு பின்னேரங்களில் செபக்கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மெட்ரோ ஏறித் தீவில் இருக்கிற கசினோவுக்குப் போய்க்கொண்டிருந்தா. வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. அங்கே மிசின்கள் ஓயாமல் கதைக்கும். அவவைக் குறை சொல்ல முடியுமா, அண்ணை?

இந்த நகரத்தின் சூதாட்ட வரலாற்றை என்னைப் போல அறிந்தவன் இங்குள்ள பல்கலைக்கழகங்களிலும் இல்லை. டவுன்டவுன் சமையலறையில் என்னோடு கோப்பை கழுவிய கிழவர் மார்செல் சொல்லித் தந்தது. அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு தாயக்கட்டை உருளுமாம். பொலிஸ் வந்து பூட்டுப் போடுமாம், ஆனால் கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற அறைக்கு! பக்கத்து அறையில் ஆட்டம் நிற்காது. பிறகு ஒரு மேயர் வந்து எல்லாரையும் துரத்தினார். கடைசியில் அரசாங்கமே லொத்தரைத் தொடங்கி, உலகக் கண்காட்சிக்குக் கட்டிய மண்டபத்தில் கசினோவையும் திறந்துவிட்டது. இப்போது இந்த ஊரே அதில்தான் ஓடுகிறது. பனி வழிக்கிற வண்டி ஒன்றுக்கு நாலு சில்லும் அண்ணி அங்கே விட்ட காசில் வாங்கியவைதான்.

ஆனால் ஒரு பின்னேரம் உங்கள் பேத்தி சோஃபியைக் கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் இருந்து கூட்டிவர மறந்துபோனா. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் அது பனிச்சட்டையோடு வாங்கில் தனியே இருந்ததாம். "அம்மா, இனி நீங்கள் பிள்ளையைக் கூட்டப் போகவேண்டாம்" என்று உங்கள் மகள் றெஜினா சொல்லிவிட்டாள். அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் துப்பறிந்து, கசினோவில் வைத்தே கையும் களவுமாகப் பிடித்தேன்.

அங்கே ஒரு வழி இருக்கிறது. 'என்னை உள்ளே விடாதே' என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வந்தால் வாசலிலேயே மறிப்பார்கள். "தனியப் போக வெக்கமாக் கிடக்கு. நீங்களும் வாங்கோ, உங்களுக்குத்தானே பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு" என்றா அண்ணி. கோட் போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் குடும்பத்தில் எந்தத் தாளிலும் முதலில் கையெழுத்து வைப்பது யார்? வீட்டு ஒப்பந்தம், குடியுரிமைப் படிவம், உங்கள் அடக்கத்துக்கான தாள் என்று எல்லாவற்றிலும் என் கைதான். அலுவலகப் பெண் தாளை நீட்டியதும் வாங்கி, லைசென்சை எடுத்து வைத்து, ஐந்து வருடம் என்று அடையாளமிட்டு, ஒரு மந்திரியைப் போலக் கையெழுத்து வைத்தேன். படத்துக்கும் நிமிர்ந்து சிரித்தேன். பிறகுதான் அவள் அண்ணிக்கு இன்னொரு தாள் கொடுத்தாள். அண்ணியும் ஒப்பமிட்டதும், "இருவருக்கும் ஐந்து வருடம்" என்றாள்.

"இருவருக்குமா? நான் சாட்சிக்கல்லோ வந்தனான்!"

அவள் பதறவில்லை. என் தாள் இன்னும் பதிவாகவில்லை, வேண்டுமென்றால் கிழிக்கலாம் என்றாள்.

அண்ணி என்னைப் பார்த்தா. "கிழிக்கச் சொல்லட்டோ, தம்பி?"

"நான் பிழையா வைக்கிறன் எண்டு தெரிஞ்சும் பாத்துக்கொண்டோ இருந்தனீங்கள்?"

"ஓம். தூணுக்குப் பின்னாலை இருக்கிற மிசினிலை உங்களை எத்தினை தரம் கண்டிருப்பன்? நான் காணேல்லை எண்டு நினைச்சியளோ?"

அண்ணை, மேலே துப்பறிந்தேன் என்று எழுதியதை மன்னியுங்கள். விளையாடப் போன இடத்தில்தான் அவவைக் கண்டேன். என் வீட்டில்கூட ஒருவருக்கும் தெரியாது. இல்லை, இனித் தெரியும்.

அந்தப் பெண் தாளை இரண்டு கையாலும் பிடித்தபடி காத்திருந்தாள்.

"இருக்கட்டும்" என்றேன். நான் வாழ்க்கையில் பேசிய ஆகச் சின்னப் பேச்சு அதுதான்.

வெளியே ஆற்றுக்காற்று அடித்தது. அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தா. நானும் சிரித்தேன். நெஞ்சில் இருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது. உங்களுக்கு அங்கே கேட்டதா?

போன கிழமை றெஜினா, "அம்மா, நாளைக்குச் சோஃபியை நீங்களே கூட்டிவாங்கோ" என்றாள். நான்தான் சாரதி. அரை மணித்தியாலம் முந்திப் போய், காரில் ஹீற்றரைப் போட்டுவிட்டுச் சண்டை பிடித்துக்கொண்டு இருப்போம். கை துறுதுறுத்தால் ஒருவருக்கொருவர் போன் எடுப்பது என்று ஒப்பந்தம். நேற்று எடுத்தது நான்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணை. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஐந்து வருடம் முடிகிற அன்று நாங்கள் திரும்பவும் அங்கே போவோம். அண்ணியின் தாளை நான் தொடமாட்டேன். என் தாளை, என்னுடையது என்று தெரிந்தே வாங்கி, இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வைப்பேன்.

உங்களுக்குப் பின் பிறந்த ஒரே தம்பி,
சின்னராசா