ஆறாம் பயிற்சி

மார்ச் 3, செவ்வாய்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் எனக்கு இது பதினோராவது வருஷம். விரல் நுனியெல்லாம் உரிந்து, பேனா பிடித்தாலே எரிகிறது. வார்டு மேசையில் எழுத்தர் இடம் ஒன்று காலி. எங்களிலிருந்து ஒருவரை எடுப்பார்களாம். ஆங்கிலத் தேர்வு, கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். கேள்விகள் பயிற்சிப் புத்தகத்திலிருந்துதான் வருமாம்.

மனு போட்டது இரண்டே பேர். நானும், நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓர்ப்படியும். ஒரே வீடு, ஒரே வேலை, படிக்கவும் ஒரே புத்தகம்.

மார்ச் 6

அக்காவுக்கு இலக்கணம் தலையில் ஏறவில்லை. "நீ பென்சில்ல எழுதி வைடி, நான் பாத்து நெட்டுரு போட்டுக்கறேன்" என்கிறாள். எழுதி வைக்கிறேன். 'இன்', 'ஆன்', 'அட்' — மூன்றும் சரி போலவே இருக்கின்றன. கொஞ்ச நேரம் பார்த்தால் மூன்றும் தப்பு.

மார்ச் 10

பஸ்ஸில் புரட்டும்போதுதான் பார்த்தேன். ஆறாம் பயிற்சியின் தலைப்பில், எல்லாம் நேற்று நடந்ததாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படிக்காமலே இன்று நடப்பதாக எழுதி வைத்திருக்கிறேன். பதினான்கும் தப்பு.

சரியான விடைகளைத் தனித்தாளில் எழுதிக்கொண்டேன். புத்தகத்தைத் திருத்தவில்லை.

ஏன் திருத்தல?

மார்ச் 12

சோறு பரிமாறும்போது அக்கா சொன்னாள்: "ஆறாவது வந்தா போதும், தலைகீழா ஒப்பிப்பேன்."

சொல்லிடலாமா? சொன்னா மார்க் சமமாயிடும், சீனியர்ங்கறதால அவ ஜெயிச்சுடுவா. என் கை? இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கொதிநீர்ல? ஆனா இது பச்சைத் துரோகம் இல்லையா? எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூசுகிறது.

மார்ச் 15, ஞாயிறு

நாளை தேர்வு. முடியவில்லை. மத்தியானம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். "அக்கா, இந்த ஆறாவது..." என்று பக்கத்தைத் திறந்தேன்.

பதினான்கு விடைகளும் அழிக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் அக்காவின் கோணல் கையெழுத்தில் புது விடைகள். எல்லாம் சரி.

"மேல போட்டிருந்ததை நீ கவனிக்கல போல. சொன்னா நீ பதறிடுவேன்னுதான், பின்னாடி இருக்கற வினைச்சொல் பட்டியலைப் பாத்து புதன்கிழமையே திருத்தி வெச்சேன். பாத்துக்கிட்டேல்ல?"

"ம்" என்றேன்.

மார்ச் 16

ஆறாம் பயிற்சிதான் வந்தது.

ஏப்ரல் 2

விரிப்பு வண்டியை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மேசையில் அக்கா. கையெழுத்துப் போட்டுவிட்டு என் விரல்களைப் பார்த்தாள். இழுப்பறையிலிருந்து களிம்பை எடுத்து, மூடியைத் திறந்தே கொடுத்தாள்.

இன்னும் அவளிடம் சொல்லவில்லை.