திரை முழுக்க என் முகம்

மே 4, இரவு

அன்புச் சித்தி,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

நேற்று ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் புளுகிவிட்டு உங்களோடு ஷூட்டிங்குக்கு வந்தேனே, இன்னும் நம்பவே முடியவில்லை! “கூட்டத்தோட நின்னு அழுதா போதும்மா” என்றுதான் டைரக்டர் சொன்னார். ஆனால் நாட்டுக்கு விடுதலை கேட்ட தலைவரைச் சங்கிலியில் கட்டி இழுத்துவந்து, அந்தச் சிப்பாய் ஒரு தள்ளு தள்ளினானே! அது நடிப்பு என்பதே மறந்துபோனது. ஓடிப்போய், “விடுடா எங்க தலைவரை!” என்று கத்தி, அவன் கையைக் கடித்துவிட்டேன். நானா சித்தி? வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடக் குரல் வராதவள்!

இப்போது ஒரே பயம். நம் தியேட்டரில் படம் ஓட்டுவதே அப்பாதானே. நீங்கள் சினிமாவுக்குத் துணி தைக்கப் போனதற்கே உங்களை வீட்டுப் படி ஏறவிடாதவர். என்னைத் திரையில் பார்த்தால் படிப்பையே நிறுத்திவிடுவார். என் முகத்தை வெட்டிவிடச் சொல்லுங்கள். ஐயோ, வேண்டாம், வெட்டாதீர்கள். எனக்கே தெரியவில்லை!

பதிலைத் தோழி வீட்டுக்கே அனுப்புங்கள்.

உங்கள் சுண்டெலி

ஆகஸ்ட் 20

என் சுண்டெலிக்கு,

படம் முடிந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். சிப்பாயாக நடித்தவர் எல்லோரிடமும் கையை நீட்டி, “எலி கடிச்ச இடம்” என்று காட்டிக்கொண்டு திரிகிறார். டைரக்டரோ, “அந்தப் பொண்ணு இல்லன்னா எனக்குப் படமே இல்ல” என்கிறார். திரை முழுக்க உன் முகம்தான்!

அடுத்த வியாழன் படப்பெட்டி உன் அப்பா கைக்கு வந்துவிடும். கேட்டால், “சித்திதான் கூட்டிட்டுப் போனா” என்று சொல்லிவிடு. என்மேல் ஏற்கெனவே இருக்கிற கோபத்தில் இதுவும் சேரட்டும்.

சித்தி

ஆகஸ்ட் 28, இரவு

சித்தி, தெரிந்துவிட்டது!

சாயங்காலம் தியேட்டருக்கு வரச்சொல்லி அப்பா ஆள் அனுப்பினார். மெஷின் ரூமில் அவர் மட்டும். சதுர ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னார். அத்தனை காலி நாற்காலிக்கும் எதிரே நான்! என் பல் ஒவ்வொன்றும் கதவு பெரிசு!

“உன் சித்தி வேலையா?”

“இல்லப்பா. நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.”

மன்னித்துவிடுங்கள் சித்தி, பழியை உங்கள்மேல் போட மனசு வரவில்லை.

“துப்பாக்கி வச்சிருக்கிறவனையே கடிக்கிற. வீட்டுல நான் கூப்பிட்டா மட்டும் ஏண்டி நடுங்குற?”

“அந்தச் சிப்பாய் நிஜமில்லையேப்பா.”

வாய் தவறி வந்துவிட்டது! அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தலைவரைச் சிறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“நான் அவ்வளவு மோசமா?” என்றார்.

நான் பொய் சொல்லவில்லை, சித்தி. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மாவிடம், “ஞாயித்துக்கிழமை படம் பார்க்க உன் தங்கச்சிய வரச்சொல்லு. வீட்டுக்கு வந்துட்டு எல்லாரும் சேர்ந்தே போகலாம்” என்றார்.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூங்கப்போகும்வரை, “எந்த பஸ்ல வருவா, கேட்டு எழுதுடி” என்று என்னை அரித்தெடுத்துவிட்டாள்.

எந்த பஸ், சித்தி?

உங்கள் சுண்டெலி