ஜிகினா ஒட்டிய ஆறு

10-11-46, ஞாயிறு

விடியலில் தூறல். ஏழு மணிக்கு நல்ல வெயில். நந்தியாற்றில் முழங்கால் தண்ணீர். வற்றுவதற்குள் வரைந்தாக வேண்டும். கான்வாஸ் கிடைக்கவில்லை, அட்டைதான். வெள்ளை டியூப் பாதி, நீலம் கொஞ்சம்.

ஹெட்மாஸ்டர் கொடுத்த பழைய இங்கிலீஷ் பத்திரிகையின் வண்ணப்படம் பக்கத்தில். யாரோ பிரெஞ்சுக்காரன் ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து தீட்டியது. கிட்டே பார்த்தால் வெறும் திட்டுகள். தள்ளி நின்றால் தண்ணீர். எப்படிச் செய்தான் மகராசன்!

துணி துவைக்க வந்த அம்மாள்: "இன்னா டிராயிங் வாத்யாரே, பலகையில சுண்ணாம்பு அடிச்சிகினு இருக்கிறீங்களா?"

"ஆங், ஆத்துக்குத்தான்."

14-11, வியாழன்

படம் முடிந்தது. எனக்கே பிடித்துவிட்டது. கனகாவிடம் காட்டினேன். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள். பார்த்தாள். "புளி தீந்துபோச்சுங்க" என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். என் படங்களில் ஒன்றைப் பற்றியாவது ஒரு வார்த்தை கிடையாது. ஊர் மெச்ச வேண்டாம், இவள் ஒருத்தி மெச்சினால் போதும். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புளி அரை வீசை. விளக்குத்திரி.

30-11, சனி

பெயிண்ட் ஒருவழியாகக் காய்ந்ததும் பிரேம் போடக் கொடுத்திருந்தேன். மலையடிவாரத்தில் முனிரத்தினம் கடை. முருகன் படங்களுக்குக் கிரீடமும் பட்டும் ஜிகினாவில் ஒட்டியே பழகிய கை. இன்று வாங்கப் போய், சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். தண்ணீர் முழுக்க ஜிகினா!

"சாமியே இல்லாம மூளியா கீதுங்க. மனசு கேக்கல. ஜிகினாவுக்குக் காசு வேணாங்க."

திட்ட வாய் வரவில்லை. அவ்வளவு பெருமையாக நிற்கிறான். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

1-12, ஞாயிறு

பளிச்சென்ற வெயில். பிரேமின் கண்ணாடியைக் கழற்றி, தெருவுக்கு அந்தப் பக்கத்து எதிர்ச்சுவரில் படத்தைச் சாய்த்து, பிளேடால் ஜிகினாவைச் சுரண்டத் தொடங்கினேன். இடது ஓரம் மட்டும் சுத்தமானது. பிளேடு மழுங்கிவிட்டது. வேறு எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் கனகா வாசற்படியில், கையில் முறம், தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி. அரிசி புடைக்கவில்லை.

"ஏங்க, இது எங்க துறைதானே? நைனா என்னைத் தோள்ல தூக்கிகினு தாண்டுவாரே, அந்த எடம்."

"ஆமாம்."

"தண்ணி ஓடிகினே இருக்குதுங்க. கால வெச்சா சில்லுனு இருக்கும் போல."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் நின்றாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை. அவளும் போகவில்லை, நானும் சொல்லவில்லை.

மீதி ஜிகினாவைச் சுரண்டவில்லை. அவளை நிறுத்தியது என் பெயிண்டா, முனிரத்தினமா? கேட்கவே மாட்டேன்.