யாருக்கும் தோன்றக்கூடிய பெட்டி

நேற்று மாலை அக்கராயனில் ஒரு வயற்கரையில் சாம்பல் நிறப் பெட்டியொன்று யானை வருகிறதென்று ஊளையிட்டது. யானையும் வந்தது. பெட்டியில் 'காப்புரிமை பெற்றது' என்று பளபளப்பாக ஒட்டியிருந்தார்கள். அதை வாசிக்க எனக்கு அருவருத்தது. உள்ளே இருந்தது உன் மூளை, மச்சான்.

யானையின் உறுமல் மிகத் தாழ்ந்த ஒலி. வாட்டர் பம்பின் இரைச்சலும் அப்படித்தான். இப்படிப் பெட்டி செய்யப் பார்த்த எல்லோரும் முதலில் இரைச்சலை வடிகட்டிவிட்டு, மிஞ்சியதில் யானையைத் தேடினார்கள். இரைச்சலோடு யானையும் போய்விடும். நீ வரிசையை மாற்றினாய்: முதலில் உறுமலின் சாயலைத் தேடு, பிறகு அந்த இடத்தை மட்டும் வடிகட்டு. "ரெண்டும் பழசுதான்ரா. ஆனா ஒருத்தரும் இப்பிடிச் சேர்த்துப் பாக்கேல்லை" என்றாய், குசினி மேசையில் ஈயம் உருக்கியபடி. உன் மனைவி உன்னைத் திட்டிக்கொண்டே சோற்றுப் பானையை வேறிடத்துக்கு நகர்த்தினா.

காப்புரிமை விண்ணப்பத்தை நீ பக்கத்து வயற்காரருக்கும் விளங்கும்படி எழுதினாய். அதுதான் பிழை. பரிசோதகர் வாசித்தார், அவருக்கும் விளங்கியது. விளங்கிய பொருளில் புதுமை இருக்க முடியாதல்லவா? 'தெரிந்த இரண்டைச் சேர்த்தது. துறையறிந்த யாருக்கும் தோன்றக்கூடியது' என்று நிராகரித்தார்.

"அப்ப ஏன் ஐயா இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் தோன்றேல்லை?" என்று கேட்டாய். அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

நீ உருத்திரபுரத்து வயல்களில் பெட்டிகளைக் காசு வாங்காமல் பொருத்திக் கொடுத்தாய். போன மாரியில் கண்ணை மூடிவிட்டாய். பிறகு ஒரு கம்பனி இதையே எவருக்கும் விளங்காத மொழியில் எழுதிக் காப்புரிமை வாங்கியது. இப்போது உன் பெட்டிகளைக் கழற்றச் சொல்கிறது.

சட்டத்தரணி அம்மாவிடம் போனேன்.

"அவர்தான் முதல் செய்தவர் எண்டு நிரூபிக்க வருஷக்கணக்கா இழுக்கும். அதுக்குள்ள கழட்டிப்போடுவினம். இது ஆருக்கும் தோன்றக்கூடியது எண்டு, துறை தெரிஞ்ச ஆளா நீங்களும் எழுதி ஒப்பம் வையுங்கோ. அவையின்ர காப்புரிமை விழுந்திடும்."

"என்ர சிநேகிதன்ர உரிமை?"

"அதுவும்தான் விழும்."

உன் மனைவியிடம் கேட்டேன். "வையுங்கோ அண்ணை. அவர் இருந்தா உங்களோட ஒரு கிழமை கதைக்காம இருந்திட்டு, வைக்கச் சொல்லியிருப்பார்" என்றா.

இன்று காலை ஒப்பமிட்டேன். நீ செய்ததை எவனும் செய்திருப்பான் என்று சத்தியம் செய்திருக்கிறேன். உன் பெட்டிகள் நிற்கும். இத்தனை வருடம் எழுதியதில் நான் நம்பாத வாக்கியம் அது ஒன்றுதான். சட்டம் நம்பப்போவதும் அதைத்தான். அந்த அருவருப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன், மச்சான். அதையாவது வேறு எவனும் தன்னுடையதென்று எழுதி வாங்கமாட்டான்.