லொட்டி கிறீவ்ஸின் சாமான்கள்

1986 பெப்ரவரி 11, செவ்வாய்

லண்டனிலிருந்து தம்பி நவத்தின் பார்சல் வந்தது. ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அது புதிதில்லை. எண்பத்திமூன்று கலவரத்துக்குப் பிறகு கண்டியில் ஒரு தமிழ்ப் பெயருக்கு வரும் பார்சலை ஆராவது ஒருவர் திறந்து பார்க்காமல் விடுவதில்லை.

உள்ளே இருந்ததுதான் புதிது. கையெழுத்துப் போட்ட ஒரு படம். சாக்ஸபோனைக் கட்டிப்பிடித்தபடி சிரிக்கிற ஒரு மீசைக்காரன். கீழே கிறீவ்ஸ் என்று பெயர்.

என்னுடைய கிறீவ்ஸ் பெண். லொட்டி கிறீவ்ஸ், புளூஸ் பாட்டுக்காரி. நவம் பேராதனையில் படித்த காலத்தில், ஊருக்குத் திரும்பிய ஒரு அமெரிக்க விரிவுரையாளர் அவளுடைய இசைத்தட்டுகள் மூன்றை அவனிடம் விட்டுப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவனும் அவை தேயத் தேயக் கேட்டோம். தன்னை விட்டுப் போனவனை லொட்டி திட்டுகிறாளா, கூப்பிடுகிறாளா என்று சண்டை பிடிப்போம். அப்படிப்பட்டவன் ஒரு மீசைக்காரனை அனுப்புவானா?

கடையில் மாறிக் கட்டிக் கொடுத்திருக்கலாம். இருக்கலாம்.

பெப்ரவரி 12

இல்லை. நவம் எதையும் பார்க்காமல் கட்டமாட்டான்.

பெப்ரவரி 16, ஞாயிறு

அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்.

லொட்டி பாடிய மண்டபத்தின் பாதி நுழைவுச்சீட்டு. அவள் சட்டையிலிருந்து கழன்ற கண்ணாடிப் பொத்தான். அவளுக்குக் கிற்றார் வாசிப்பவரின் அறுந்த கம்பி, வட்டமாகச் சுருட்டி ஒரு உறையில். இவை நவம் லண்டன் போன புதிதில், கலவரத்துக்கு முந்தி அனுப்பியவை. கந்தோர் மேசை லாச்சியில் வைத்திருந்ததால் தப்பின. திருகோணமலை வீதியில் நான் இருந்த அறை எரிந்தபோது இசைத்தட்டுகள் போய்விட்டன.

பிறகு வந்தவை: ஒரு கலண்டர். ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பாடகனின் கழுத்துத்துணி. லொட்டியின் பெயரைப் பிழையாக அச்சிட்ட ஒரு நோட்டீஸ். இப்போது இந்த மீசை.

முந்தியவற்றோடு நவம் பக்கம் பக்கமாக எழுதுவான். எந்த மண்டபம், எந்தப் பாட்டுக்கு நடுவில் லொட்டி தண்ணீர் குடித்தாள், அந்தப் பொத்தானுக்காக மேடைக்குப் பின்னால் எப்படி நின்றான் என்றெல்லாம். பிந்தியவற்றோடு ஒரு சொல்லும் இல்லை. முகவரி மட்டும், ஆங்கிலப் பெரிய எழுத்தில்.

எழுதப் பஞ்சிப்படுகிறான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறேன். எவ்வளவு விசர் எனக்கு.

அம்மா ஐயா இல்லாத எங்களுக்கு நான் அவனுக்கு, அவன் எனக்கு. அவன் லண்டனில்தான் இருக்கிறானா?

மார்ச் 4

தொலைபேசிக் கந்தோரில் வேலை செய்து என்ன பயன், சொந்தத் தம்பியோடு பேச முடியாவிட்டால்? பக்கத்துக் கதிரை ஹபீலாவிடம் சொல்லி லண்டனுக்கு ஒரு கோல் எடுத்தேன். ஹபீலா அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கேள்வி கேட்காமல் இணைப்புத் தந்தாள். ஏன் கேட்கவில்லை?

எடுத்தது சேதுராமன். நவத்தோடு பேராதனையில் படித்தவர், கண்டியில் புடைவைக்கடை வைத்திருந்தவர்களின் மகன். அங்கே இருவருக்கும் ஒரே அறை.

"அவரு வேலைக்குப் போயிருக்காருங்க அக்கா. வந்ததும் சொல்றேன்."

"எப்ப வருவான்?"

"அது... ஷிஃப்டைப் பொறுத்துங்க."

அந்த "அது"வுக்கும் "ஷிஃப்ட்"டுக்கும் நடுவில் அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். பதினாலு வருடமாக மற்றவர்களின் பேச்சுக்கு நடுவில் இருக்கிறவள் நான். பொய் சொல்லப்போகிறவர்கள் அப்படித்தான் மூச்செடுப்பார்கள்.

ஏப்ரல் 1

திரும்பவும் எடுத்தேன். திரும்பவும் ஷிஃப்ட்.

மே 8

நேற்றுக் கொழும்பில் தந்திக் கந்தோரில் குண்டு. செத்தவர்களில் எங்களைப் போல வேலைக்கு வந்தவர்களும் உண்டு. இன்று என்னை இணைப்புப் பலகையிலிருந்து எழுப்பி, பழைய கோப்புகள் இருக்கும் அறையில் உட்காரச் சொன்னார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் மேற்பார்வையாளர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் என் மேசைக்கு ஹபீலா மட்டும் வந்தாள். நல்ல மனமா? அல்லது வரச்சொல்லி வந்தாளா?

மே 14, புதன்

வேலையால் வந்தபோது முன் அறையில் சிவில் உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர். வீட்டுக்காரி றீற்றா அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டுக்கலையில் தமிழ்ப் பெண்ணொருத்திக்கு அறை தந்தவர், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர். அவர் கை நடுங்கவில்லை. அதைத்தான் கவனித்தேன்.

லண்டனிலிருந்து என்ன வருகிறது, ஆர் அனுப்புவது, எதற்கு? அலுமாரியைத் திறந்து காட்டினேன். பொத்தானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மீசைக்காரனைப் பார்த்து ஒருவர் சிரித்தார். பிறகு உறையைக் கவிழ்க்கக் கம்பி விழுந்தது.

"இது என்ன வயர்?"

கிற்றார்க் கம்பி என்றேன். கிற்றார் எங்கே என்றார். கிற்றார் இல்லை என்றேன். கிற்றார் இல்லாத வீட்டில் கிற்றார்க் கம்பி எதற்கு?

ஒரு பாட்டுக்காரிக்கு வாசித்தவரின் கம்பி, அறுந்தபிறகு தம்பி கேட்டு வாங்கியது, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் போலக் கேட்டது. கம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவர்கள் போனபின் றீற்றா அக்கா சொன்னார்: "உந்தச் செத்தவீட்டுப் பாட்டுக்காரியின்ரை சாமானெல்லாம் எறிஞ்சுபோடு பிள்ளை. உன்னாலை எனக்கும் கரைச்சல்."

நான் திறக்க முதலே, எந்த அலுமாரி என்று கேட்காமல் அவர்கள் நேரே அதனிடம் போனார்கள். ஆர் சொன்னது?

மே 15

அலுமாரித் திறப்பை இனிக் கழுத்துச் சங்கிலியில் போடுகிறேன்.

யூன் 20

இன்னொரு பார்சல். கந்தோருக்கு வந்த தபாற்காரன் கையில் தந்தான்.

இந்த முறை லொட்டியேதான். ஆமையோட்டுச் சீப்பு ஒன்று, இரண்டு பல் இல்லை. அதோடு மேடையில் அவள் நிற்கும் படம். படத்தில் கொண்டையில் அதே சீப்பு. அதே இடத்தில் பல் இல்லை. கண் வலிக்கும்வரை ஒப்பிட்டுப் பார்த்தேன். உண்மையான சாமான்.

சந்தோசப்படாமல் பயப்படுகிறேன். பெப்ரவரியில் லொட்டி ஆணா பெண்ணா என்று தெரியாதவர், யூனில் அவளுடைய தலைச்சீப்பைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஆரோ எனக்காகப் படிக்கிறார். எதற்கு?

யூலை 24, வியாழன்

இதை எழுதாட்டில் விசராக்கிப்போடும்.

மத்தியானம் சாப்பாட்டு அறைத் தொலைபேசிக்கு ஹபீலா லண்டன் இணைப்பைத் தந்தாள். அறையில் வேறு ஒருவரும் இல்லை. சேதுராமன்தான் எடுத்தார். நவத்தைக் கேட்கவில்லை. வேறு விதமாகத் தொடங்கினேன்.

"லொட்டி கிறீவ்ஸ் செத்துப்போனா எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?"

"ஐயையோ, இல்லீங்கக்கா! போன மாசங்கூடப் பாடினாங்க. நான் முன்வரிசையில... அந்தச் சீப்பக் கேட்டதுக்குச் சிரிச்சிட்டு அவங்களே கழட்டி..."



"நீங்கள் போனீங்கள். நவம் போகேல்லை."

லைனில் கடல் இரைச்சல் போல ஒரு இரைச்சல் மட்டும்.

"தம்பி, நான் உங்களை ஏசமாட்டன். நவம் எங்கை?"

"அவரு இங்க இல்லக்கா. எண்பத்திமூணு டிசம்பர்லயே மெட்ராஸுக்குப் போயிட்டாரு. அங்கேருந்து... உங்களுக்குத் தெரியும், எங்கனு. உங்க ரூம எரிச்சிட்டாங்கனு கேள்விப்பட்ட நாள்லேருந்து அவரு சரியாச் சாப்பிடல. போறப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அக்காவுக்குச் சாமான் போய்க்கிட்டே இருக்கணும், நான் இங்கதான் இருக்கேன்னு அவ நினைக்கணும்னாரு."

எனக்காகப் போனானோ? நான் கேட்டனானோ? எரிஞ்சது என்ரை மூண்டு இசைத்தட்டும் ஒரு கட்டிலும். அதுக்குப் போய் இயக்கத்திலை... அவன் ஒரு கரப்பானை அடிக்கமாட்டான். உயிரோடை இருக்கிறானோ எண்டு கேட்டன். போன வருசம் ஒரு ஆள் மூலமாச் செய்தி வந்ததாம். அதுக்குப் பிறகு இல்லையாம்.

சேதுராமன் அழுதார். நான் அழவில்லை. "பார்சலை நிப்பாட்டாதேங்கோ" என்றேன். "நிப்பாட்டினால் ஏன் நிண்டது எண்டு கேப்பாங்கள்."

வெளியே வந்தபோது ஹபீலா ஹெட்செற்றைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். நான் வாய் திறக்க முதல் சொன்னாள்: "நான் ஒண்டும் கேக்கல்ல அக்கா."

கேட்காதவள் ஏன் அப்படிச் சொல்லவேண்டும்?

யூலை 30

யாழ்ப்பாணத்தில் நல்லூருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததாம். பத்திரிகையில் செத்தவர்களின் பெயர்கள் இல்லை.

ஓகஸ்ட் 11

படலை சத்தம் போட்டால் உடுப்புப் பையைப் பார்க்கிறேன். இரண்டு சேலை, துவாய், சவர்க்காரம். என்னைக் கொண்டுபோக வந்தால் கொண்டுபோகட்டும்.

ஹபீலா சொல்லியிருந்தால் இதற்குள் வந்திருப்பார்கள்.

செப்டெம்பர் 3

இன்னும் வரவில்லை. இன்று ஹபீலா அவள் உம்மா செய்த வட்டிலப்பம் கொண்டுவந்தாள். அவள் முதலில் வாயில் வைக்கும்வரை நான் தொடவில்லை. அவள் அதைக் கண்டாள். என் பங்கிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாள்.

வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 19

பார்சல். இந்த முறை உள்ளே ஒரு துண்டும் இருந்தது, சேதுராமனின் உருண்டை எழுத்தில்: "அக்கா, முன்னாடி அவங்க பாட்டெல்லாம் எனக்கு வெறும் அழுகையாத்தான் கேட்டுச்சு. இப்ப அவங்க திட்டுறாங்களா கூப்பிடுறாங்களானு எனக்கும் குழப்பமா இருக்கு."

எங்கள் பழைய சண்டையை நவம் அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். துண்டை உடனே எரித்தேன். சாமான் ஒரு குடைப்பிடி. லொட்டியின் குடை என்று எழுதியிருக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வைத்திருக்கிறேன்.

1987 மார்ச் 1

ஒரு செய்தியும் இல்லை.

ஓகஸ்ட் 22, சனி

இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று கிழமை. வடக்குப் பாதை திறந்திருக்கிறது. கலஹா பஸ்ஸுக்கு நிற்கிற சனத்தின் முகத்தில்கூட ஒரு இளக்கம்.

றீற்றா அக்கா கதவைத் திறந்தவர் "பிள்ளை!" என்று கத்தினார். பொலிஸ் என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். படியில் நவம் நின்றான்.

நெஞ்செலும்பு தெரிகிறது. முகம் கருவாடு. கட்டிப்பிடித்தபோது சவர்க்காரமும் மண்ணும் மணந்தன.

"லண்டனிலையிருந்து நேரை வாறன்" என்றான்.

றீற்றா அக்கா பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காகச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். அவர் குசினிக்குப் போனபிறகும் அதையே சொன்னான். அங்கே குளிராம். பேக்கரியில் வேலை கூடவாம். செருப்பைக் கழற்றியபோது குதிக்கால் வெடித்து, முள் ஏறி ஆறிய தழும்புகள். லண்டனில் பேக்கரிக்குள் வெறுங்காலோடா நடக்கிறார்கள்?

அலுமாரியைத் திறந்து காட்டினேன். சீப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அதைக் கண்டதே இல்லை என்று எனக்குத் தெரியும்.

"இதை வாங்க நான் பட்ட பாடு" என்றான்.

"ஓம்" என்றேன்.

ஓகஸ்ட் 29

இருக்கப்போகிறானா, போகப்போகிறானா? கேட்டால் "பாப்பம்" என்கிறான். ஆர் இவனை அனுப்பினது? ஒருவரும் அனுப்பாமல் வந்தானா? சொந்தத் தம்பியின் பையை அவன் குளிக்கும்போது திறந்து பார்த்தேன். ஒரு சறம், ஒரு சேட், வேப்பங்குச்சி. வேறு ஒன்றும் இல்லை. நான் என்னத்தைத் தேடினேன்?

சேதுராமனுக்கு ஒரு வரி எழுதினேன். இனி அனுப்புநராக என் தம்பியின் பெயர் போடத் தேவையில்லை, உங்கள் பெயரையே போடுங்கோ என்று.

செப்டெம்பர் 12, சனி

தபாற்காரன் வந்தபோது நவம்தான் முற்றத்தில் நின்றான். கையெழுத்துப் போட்டு வாங்கினான். நான் வாசலுக்கு வந்தேன். அவன் பார்சலின் மேற்பக்கத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். அனுப்புநர்: சேதுராமன்.

"இவனேன் உனக்கு அனுப்புறான்?"

"இவ்வளவு காலமும் அவர்தானே அனுப்பினவர்."

அவன் படியில் இருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். றீற்றா அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"போன வருசம்."

"பிறகேன் நான் சொன்னதுக்கெல்லாம் ஓம் ஓம் எண்டனீ?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன்."

சிரிக்கப்போனவன் சிரிக்கவில்லை. பார்சலை என்னிடம் தந்தான். உள்ளே ஒரு கசெற். சேதுராமன் மண்டபத்தில் தானே பதிந்தது என்று எழுதியிருந்தது. றீற்றா அக்காவின் கசெற் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். "செத்தவீட்டுப் பாட்டோ?" என்று கேட்டாலும் தந்தார்.

லொட்டியின் குரல் கிழடாகிவிட்டது. நடுவில் பக்கத்திலேயே ஒருவர் இருமுகிறார், சேதுராமனாகத்தான் இருக்கும். நவம் தரையில் உட்கார்ந்து கேட்டான். பிறகு பெட்டியைச் சுற்றி மற்றப் பக்கம் போய் இருந்து, வலது காதை அதற்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"இடது காது கேக்காது அக்கா" என்றான். "சாவகச்சேரியிலை, ஷெல்."