மேலே பார்க்க ஆள் இருந்தான், ராசு

என் சாமி ராசு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய்ப் பதினொரு வருசம் ஆகிறது. ஒவ்வொரு வருசமும் உன் நாளுக்கு நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாப்பிலும் பால் சொசைட்டிச் சுவரிலும் ஒட்டச் சொல்வேன். நடுவில் உன் போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அடியில் நான் சொல்லி எழுத வைத்த ஒரு வரி: "மேலே பார்க்க ஆள் வைக்காத ரிக் வண்டியால் எங்களைப் பிரிந்தவர்."

பேர் போடவில்லையே தவிர, எந்த வண்டி, யார் வண்டி என்பது சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியும். போர் போட டவரைத் தூக்கும்போது கரண்ட்டுக் கம்பி தட்டாமல் மேலே பார்க்க ஒரு ஆள் நிற்க வேண்டிய வண்டி. அது என் கூடப் பிறந்த தம்பி, உன் மாமன் கந்தப்பனின் வண்டி. அவனுடைய ரிக் ஆபீசுக்கு எதிர்ச்சுவரில், அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, ஒரு நோட்டீஸை நானே பக்கத்தில் நின்று ஒட்ட வைப்பேன். ஒரு வருசம் மழை. குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த வருசம் அந்த வரி கிடையாது. அந்த இடத்தில் இந்தக் கடிதம்தான். "ஏனுங்க ஆத்தா, நாலு பக்கம் வருமுங்களே, இதையெல்லாம் நின்னு யாருங்க படிக்கறது?" என்று அச்சாபீஸ்காரர் கேட்டார். "படிக்கறவங்க படிக்கட்டும், நீ அடி" என்றேன்.

உன் மகள் தர்ஷினிக்கு இப்போது இருபத்தொரு வயது. நீ போனபோது அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தாள். இப்போது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருசம். எத்தனையோ பிரிவு இருக்க, கரண்ட்டுப் படிப்பை ஏன் எடுத்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டு, அவள் பதில் சொல்லிவிட்டால்?

அது முடிந்ததும் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்றாள். வெளி மாநிலத்தில் ஒரு பெரிய காலேஜ். பரீட்சை எழுதினாள், தேறினாள். அடுத்தது இன்டர்வியூ. அதைத் தாண்டினால்தான் சீட்டு. உன் பெண்டாட்டி சுமதி மில்லில் ஷிப்டு பார்த்துத் தேய்ந்துபோனாள், ராசு. இந்தப் பிள்ளைக்கு அந்தச் சீட்டு கிடைத்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று இருந்தாள். நானும்தான்.

தர்ஷினி இங்கிலீசுக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து என்னையே கேட்கச் சொல்லுவாள். நாலாவதோடு நின்றவள் நான், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கேட்பேன். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்!"

"அப்பத்தா, இத்தனை கோவமாவெல்லாம் கேக்க மாட்டாங்க. கடங்காரனை நிறுத்தி வெச்சுக் கேக்கற மாதிரி இருக்குது."

"கேட்டாங்கன்னா? இப்பவே பழகிக்கோ."

"நீங்க மட்டும் அங்க உட்கார்ந்தீங்கன்னா ஒருத்தருக்கும் சீட்டுக் கெடைக்காது."

"தகுதி இருந்தாக் கெடைக்கும். நேராப் பாரு."

சிரிப்பாள். உன் சிரிப்புதான், மேல் உதடு ஒரு பக்கமாக ஏறும்.

இன்ஜினியரிங் படித்துவிட்டு எதற்கு எம்.பி.ஏ. என்று கட்டாயம் கேட்பார்களாம். விண்ணப்பத்திலேயே அதற்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். "உங்கொப்பன் கதையை எழுது. மேல பார்க்க ஒரு ஆள் வெச்சிருந்தா அவன் செத்திருப்பானா? நிர்வாகம் சரியில்லாமத்தானே போனான்? அதைச் சரி பண்ணத்தான் படிக்கறேன்னு எழுது. நோட்டீஸ்ல இருக்கற வரியையே போடு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.

இன்டர்வியூ கம்ப்யூட்டர் வழியாக வீட்டிலேயே நடந்தது. காலை பதினோரு மணி. சுமதிக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு சத்தமும் கூடாது என்றதால் மிக்சியின் பிளக்கைப் பிடுங்கினேன், நாயைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் கட்டினேன், என் போனை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். கதவுக்கு இந்தப் பக்கம், சமையல்கட்டில், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. திரையில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு பெண்.

இங்கிலீசில் கேட்டதெல்லாம் எனக்குப் புரியவில்லை. அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். முதலில் படிப்பில் கேட்டார்கள். டிரான்ஸ்பார்மர், எர்த்து, அது இது என்று. தண்ணீர் ஊற்றுகிற மாதிரி சொன்னாள். குரலை வைத்தே எனக்குத் தெரிந்தது, நன்றாகப் போகிறது என்று. பிறகு கண்ணாடி போட்ட ஒருத்தர் அவள் எழுதிக் கொடுத்த பக்கத்தை எடுத்தார்.

மேலே பார்க்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். வீட்டில் சொன்னார்கள் என்றிருக்கிறாள். போலீஸ் எழுதியது ஏதாவது இருக்கிறதா, படித்தாயா? படித்தேன். அதில் என்ன இருக்கிறது?

அந்த இடத்தில்தான் அவள் குரல் நின்றது. சுமதி பிரித்துக்கூடப் பார்க்காமல் பீரோவில் வைத்திருந்த காகிதத்தை அவள் எடுத்துப் படித்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

"தமிழ்லயே சொல்லும்மா, நான் இவங்களுக்குச் சொல்லிக்கறேன்" என்றது அந்தப் பெண் குரல். தமிழ்க்காரி போலிருக்கிறது.

"ஆள் இருந்தாருங்க மேடம்" என்றாள் தர்ஷினி. "கம்பி கம்பின்னு கத்தியிருக்காரு. அப்பாவுக்குக் கேக்கல. போன் பேசிக்கிட்டே டவரைத் தூக்கிக் கரண்ட்டுக் கம்பியில இடிச்சிருக்காரு."

"வேலை நேரத்துல போனா? யாரு கூட?"

ராசு, நான் முன்னால் சாய்ந்து காதைக் கதவு இடுக்கில் வைத்தேன்.

"நான்தான் மேடம் கூப்பிட்டேன். அப்ப எனக்குப் பத்து வயசு. எப்ப வருவீங்கன்னு கேக்கறதுக்காகக் கூப்பிட்டேன்."

நான் எழுந்துவிட்டேன். கதவில் கை வைத்தேன். தள்ளியிருந்தால் திறந்திருக்கும். நான் தள்ளவில்லை.

அந்தப் பெண் இங்கிலீசில் எடுத்துச் சொன்னாள். கண்ணாடிக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் விண்ணப்பத்தில் நீ எழுதியது உண்மையா? "நோ சார்" என்றாள். அந்த இரண்டு சொல் எனக்கே புரிந்தது.

இனி ஊர் படிக்க வேண்டியதை எழுதுகிறேன்.

என் ஞாபகம் எப்படிப்பட்டது என்பது உனக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்தில் யார் என்னை இரண்டாம் பந்திக்கு நிறுத்தினார்கள், என் சீர்த்தட்டை யார் ஓரமாக நகர்த்தி வைத்தார்கள், எல்லாம் நாள் கிழமையோடு சொல்லுவேன். அப்படி இருக்கிறவளுக்கு அந்த மத்தியானம் மட்டும் மறக்குமா?

கந்தப்பன் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. அவன் பெண்டாட்டி வீட்டார் பேரெல்லாம் வரிசையாக இருந்தது. கூடப் பிறந்த ஒரே அக்கா, என் பேர் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லவே இல்லை. நீயோ அவன் வண்டியில் டிரில்லர், ராய்ப்பூர்ப் பக்கம் எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருந்தாய். உடனே உனக்குப் போன் போட்டேன். எனக்கு ஒரு காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். பக்கத்தில் தர்ஷினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தாய். எப்போதும் அப்படித்தான் எடுப்பாய். ஏன் என்பதும் எனக்குத்தான் தெரியும். உன் அப்பா இறந்தபோது நீ சிக்னல் இல்லாத காட்டில் இருந்தாய். மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாய். வாசலில் வைத்தே கேட்டேன், "அப்பனைத் தூக்கிப் போட்டதுக்கப்புறம் இப்பத்தான் போன் எடுக்க முடிஞ்சுதா?" ஒரு தடவையோடு விட்டேனா? நல்லது கெட்டது எங்கே போனாலும், நாலு பேர் கூடின இடத்தில் அதைச் சொல்லிக் காட்டினேன். அதற்குப் பிறகு, கையில் எந்த வேலை இருந்தாலும் வீட்டுப் போனை நீ விட்டதே இல்லை.

"அம்மா, டவர் தூக்கிக்கிட்டு இருக்கறேன், அஞ்சு நிமிசம் கழிச்சுக் கூப்பிடறேன்" என்றாய்.

"அஞ்சு நிமிசமா? உம் மாமன் எம் பேரையே பத்திரிகையில போடல, தெரியுமாடா? அவன் வண்டியில நீ எதுக்கு நிக்கற? எல்லாத்தையும் போட்டுட்டு ஊட்டுக்கு வா. இப்பவே சொல்லு, வர்றியா இல்லியா?"

"சரிம்மா, நீ அழுவாத..."

எனக்கு உன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. "அண்ணா, கம்பி! அண்ணா!" என்று. நம் ஊர்ப் பையன் குரல். இரண்டு முறை கத்தினான். அதையும் மீறி நான் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சத்தம். உன் போன் மட்டும் அணையவில்லை. அவர்கள் ஓடி வந்ததும், உன் பேரைச் சொல்லிக் கத்தியதும், கடைசி வரைக்கும் ஸ்பீக்கரில் கேட்டது. தர்ஷினி பென்சிலைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

உன்னை ஜேடர்பாளையத்தில் ஆற்றில் கரைத்துவிட்டுப் படியேறும்போது கந்தப்பன் ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தான். உள்ளே உன் போன். "நீயே வெச்சுக்கக்கா. யாருக்கும் காட்டோணும்னு இல்ல" என்றான்.

அவன் பார்த்துவிட்டான். கடைசியாக உன்னைக் கூப்பிட்ட நம்பர் அவனுக்குத் தெரியும். அந்த நிமிசத்தில் அவன் காலில் விழுந்திருக்க வேண்டியவள் நான். அவனைச் சாகும்வரை மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தெரிந்தவன் வாயைத் திறக்கும் முன்னால் நான் திறந்தேன். முதல் வருச நோட்டீஸ் அப்படித்தான் அச்சாயிற்று.

அவன் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை, ராசு. எதிர்ச்சுவரில் இருந்த நோட்டீஸை ஒரு தடவைகூடக் கிழிக்கவில்லை. அவன் வண்டிக்கு ஆள் வரப் பயந்த காலத்தில்கூட, "அன்னைக்குப் போன்ல இருந்தது எங்கக்கா" என்று யாரிடமும் சொல்லவில்லை. இதுவே நானாக இருந்தால்?

இன்டர்வியூ முடிந்து தர்ஷினி சமையல்கட்டுக்கு வந்தாள். மிக்சி பிளக்கை மாட்டினாள். அரிசிக்குள் கையை விட்டு என் போனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

"எதுக்கு அம்மிணி நீ கூப்பிட்டேன்னு சொன்ன?"

"வேற யாரைச் சொல்லோணும், அப்பத்தா?"

நான் போனை முந்தானையில் சுற்றினேன்.

"பத்து வயசுப் புள்ளைன்னா யாரும் திட்ட மாட்டாங்க" என்றாள். அதற்கப்புறம், "காப்பி வெக்கட்டுமா?" என்று கேட்டாள்.

பதினொரு வருசமாக அந்தப் பிள்ளை இதை மனசில் வைத்துக்கொண்டு, நான் நோட்டீஸ் ஒட்டப் போகும்போதெல்லாம் எனக்குச் செருப்பை எடுத்து வைத்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. சீட்டு இல்லை. கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். "அவரு இருந்திருந்தா எம் புள்ள இப்படி நிக்குமா? எல்லாம் அந்த மனுசனோட வண்டியால" என்று சுமதி அழுதாள். நான் சொல்லிக் கொடுத்த பாட்டுத்தான் அதுவும்.

நேற்று சுமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வழக்கம்போல எனக்குத் தட்டில் சோறு போட்டு வைத்தாள். வைத்துவிட்டுப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றைக்கும் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான்.

அடுத்த மாதம் இன்னொரு காலேஜுக்கு விண்ணப்பம் போட வேண்டும். மேசைமேல் கிடக்கிறது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, எதற்கு எம்.பி.ஏ. என்கிற அந்தப் பக்கத்தை மட்டும் தர்ஷினி வெறுமையாக விட்டிருக்கிறாள். "போதும் அப்பத்தா, வேலைக்கே போயிக்கறேன்" என்கிறாள். எழுதுவதும் விடுவதும் அவள் விருப்பம். இனி நான் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை.

உனக்கு ஒன்று சொல்லுகிறேன், ராசு. வெள்ளிக்கிழமை காலையில் முதல் நோட்டீஸை எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் போவேன். பசையை என் கையாலேயே தடவி ஒட்டுவேன். கந்தப்பன் வெளியே வந்து படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன். படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போனாலும் போகட்டும், நின்றுவிட்டுத்தான் திரும்புவேன். அடுத்த இன்டர்வியூவில் எவராவது உன் மகளிடம் அன்றைக்குக் கூப்பிட்டது யார் என்று கேட்டால், அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஒளிந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு உன்னைக் கூப்பிட்ட,
உன் அம்மா